கயிறும் வைக்கோற்போரும்: 1888 பனிப்புயலின் நினைவுகள்

1940ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரான லிங்கனில் முதியவர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். 1888 ஜனவரி 12 அன்று வீசிய பனிப்புயலைக் கண்டு பிழைத்தவர்களின் சங்கம் அது. அந்த நாளையே தன் பெயராகவும் சூட்டிக்கொண்டது. புயலடித்தபோது பத்து வயதுச் சிறுவனாக இருந்தவர் சங்கம் கூடியபோது அறுபதைத் தாண்டியிருந்தார். அவர்கள் தம் நினைவுகளை எழுதி அனுப்பினர். சிலர் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொடுத்தனர். ஓகாரா என்பவர் அவற்றைத் திரட்ட, 1947இல் அவை நூலாக வெளிவந்தன.

வரலாறு பயில்வோருக்கு இத்தகைய நூல் ஒரு சோதனை. அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்படும் நினைவை எந்த அளவுக்கு நம்பலாம்? அதைவிட முக்கியமாக, எதற்காக நம்பலாம்? எல்லா நினைவுகளும் ஒரே தரத்தன அல்ல. ஒருவர் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை வேறு. கதையின் ஓரத்தில் கவனிப்பாரின்றிக் கிடக்கும் செய்தி வேறு. அந்த ஒரு நாளைப் பற்றிய நினைவுகளின் வழியே இந்த வேறுபாட்டை நாம் இங்கே பார்க்க முயல்வோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒன்று கூற வேண்டும். நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. முன்பனி, பின்பனி என்று பெரும்பொழுதுக்குள் இரண்டு பனிக்காலங்களை வைத்த மொழியாயினும், வானிலிருந்து வெண்துகளாய்க் கொட்டுவதற்குத் தனிச்சொல் அதற்குத் தேவைப்படவில்லை. ஈழத்திலிருந்து கனடாவுக்கும் வட ஐரோப்பாவுக்கும் புலம்பெயர்ந்தவர்கள்தாம் அந்தப் பழைய சொல்லின்மேல் புதிய குளிரை ஏற்றினர். ஆங்கிலத்திலும் நிலைமை ஓரளவு இத்தகையதே. 'பிளிஸ்ஸர்ட்' என்னும் சொல் முன்பு பலத்த அடியையோ துப்பாக்கி வெடியையோ குறித்தது. 1870இல் அயோவா மாநிலத்தின் எஸ்தர்வில் ஊர்ப் பத்திரிகை ஒன்று அதனைப் பனிப்புயலுக்கு வழங்கியது என்பர் சொல்லாய்வாளர். குடியேறிய மக்கள் தாம் அதுவரை கண்டிராத ஒன்றைக் கண்டு, அதற்கென ஒரு பழைய சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டனர்.

இன்றைய அமெரிக்க வானிலைத் துறையின் வரையறைப்படி, மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் காற்று வீச வேண்டும். பறக்கும் பனியால் 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலை குறைந்தது மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். அப்போதுதான் அது பனிப்புயல். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த வரையறையில் குளிருக்கு இடமில்லை. கண்ணை மறைப்பதே பனிப்புயலின் இலக்கணம். 1888இன் மரணங்களைப் புரிந்துகொள்ள இது உதவும்.

*

அந்த நிலத்துக்கு மக்கள் எவ்வாறு வந்தனர்? 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுபவருக்கு 160 ஏக்கர் நிலத்தை அளித்தது. இரயில் கம்பெனிகளின் விளம்பரங்கள் ஐரோப்பாவின் சிற்றூர்கள்வரை சென்றன. நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ரஷ்யப் பேரரசிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கின. மரமற்ற சமவெளி அது. புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினர். விறகில்லாத இடங்களில் வைக்கோலை முறுக்கியும் எருவைக் காயவைத்தும் எரித்தனர். ஒவ்வொருவரும் தம் நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பதால் ஊர் என்ற ஒன்று திரளவில்லை. வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டவே நின்றன. இவற்றின் நடுவே ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. ஆசிரியைகள் பலர் இருபது வயதைக்கூட எட்டாத இளம்பெண்கள்.

ஜனவரி 12 வியாழக்கிழமை. அதற்கு முன்பு பல நாட்கள் கடுங்குளிர்; பிள்ளைகள் வீட்டிலேயே அடைந்து கிடந்தனர். அன்று காலை குளிர் விட்டது. சங்கத்தாரின் நினைவுகள் பெரும்பாலும் இந்த இளஞ்சூட்டிலிருந்தே தொடங்குகின்றன. கனத்த மேலங்கி இல்லாமல் பள்ளிக்குப் போனோம். அப்பா மாடுகளைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துவிட்டார். அம்மா துணி துவைக்கத் தொடங்கினார் என்பன போன்ற செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த இனிய காலைதான் அன்றைய மரணங்களுக்கு முதற்காரணம். காலையிலேயே புயல் அடித்திருந்தால் எவரும் வெளியே போயிருக்க மாட்டார்கள்.

பின்பு வடமேற்கில் ஒரு சுவர் எழுந்தது. சாம்பல் நிற மேகம் தரையில் உருண்டு வந்தது என்கிறார் ஒருவர். பெரிய பஞ்சுப்பொதிகள் போல் என்கிறார் மற்றொருவர். இரயில் வருவது போன்ற இரைச்சலை நினைவுகூர்வோர் பலர். அடுத்த நொடி பகல் மறைந்தது. பனி செதில் செதிலாக விழவில்லை. அரைத்த மாவைப் போன்ற நுண்துகளாகப் பறந்து கண்ணிமைகளில் அப்பி உறைந்தது, மூச்சை அடைத்தது. கையை நீட்டினால் கை தெரியவில்லை. இரும்பு அடுப்பைத் தொட்டபோது பொறி பறந்ததையும் சிலர் குறிப்பிடுகின்றனர். உலர்ந்த துகள்கள் உராய்ந்ததால் எழுந்த மின்னூட்டத்தின் விளைவு அது. இரவுக்குள் பல இடங்களில் வெப்பநிலை பாரன்ஹீட் அளவையில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது, முப்பது பாகைவரை இறங்கியது.

இந்த நினைவுகளைத் தனித்தனியே படித்தால் தடுமாற்றங்கள் தெரியும். புயல் எப்போது வந்தது என்ற எளிய கேள்விக்கே விடைகள் முரண்படுகின்றன. காலையில் பள்ளி தொடங்கும் முன்பு என்பார் ஒருவர். மதிய உணவு இடைவேளையில் என்பார் இன்னொருவர். பள்ளி விடும் நேரத்தில் என்பார் மூன்றாமவர். ஆனால் அவர்கள் வாழ்ந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் முரண்பாடு கரைகிறது. மேற்கிலும் வடக்கிலும் இருந்தவர்களுக்குக் காலை. நெப்ராஸ்காவின் நடுப்பகுதியில் மதியம். லிங்கனை நெருங்கும்போது பிற்பகல். குளிர்க்காற்றின் முகப்பு வடமேற்கிலிருந்து தென்கிழக்கே நகர்ந்த வேகத்தை, கடிகாரம் பார்க்கத் தெரியாத வயதில் இருந்த பிள்ளைகள் தம் பள்ளி மணியைக் கொண்டு அளந்து வைத்திருக்கின்றனர். எதையும் நிரூபிக்கும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. அதனாலேயே இந்தச் சாட்சியம் வலுவாகிறது.

அன்று நாட்டின் வானிலைப் பணி இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிடம் இருந்தது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரிலிருந்து தாமஸ் உட்ரஃப் என்னும் அதிகாரி சமவெளிக்கான முன்னறிவிப்புகளைத் தந்துவந்தார். குளிரலை வருகிறது என்னும் அறிவிப்பு தந்தியில் போகும். இரயில் நிலையம் இருக்கும் ஊர்களில் நடுவே கறுப்புச் சதுரம் உள்ள வெள்ளைக் கொடி ஏற்றப்படும். அன்றும் குளிரலைக்கான அறிவிப்பு எழுதப்பட்டது. ஆனால் கொடி தெரியும் தொலைவில் பண்ணை வீடுகள் இல்லை. மண்வீட்டில் இருந்த தாய், வானத்தைப் பார்த்தே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாள். வானிலைப் பணி 1891இல் இராணுவத்திடமிருந்து வேளாண்துறையின்கீழ் மாற்றப்பட்டது.

*

அந்த நாளின் நினைவுகளில் மூன்று ஆசிரியைகளின் பெயர்கள் நிலைத்துவிட்டன.

முதலாமவர் மின்னி ஃப்ரீமன். மைரா பள்ளத்தாக்கில் ஒரு மண்கட்டிப் பள்ளியில் பணியாற்றியவர். காற்று கதவைப் பிய்த்தது. பின்பு கூரையும் போயிற்று. இனி அங்கே இருக்க இயலாது என்ற நிலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏறத்தாழ அரை மைல் தொலைவிலிருந்த பண்ணை வீட்டை நோக்கி நடந்தார். அனைவரும் பிழைத்தனர்.

இரண்டாமவர் லூயிஸ் ராய்ஸ். பிளெயின்வியூ ஊரின் அருகே பணியாற்றியவர். அன்று பிற்பகல் அவரிடம் எஞ்சியிருந்த பிள்ளைகள் மூவர். இருவருக்கு ஒன்பது வயது, ஒரு சிறுமிக்கு ஆறு. அடுப்புக்கு எரிபொருள் தீர்ந்தது. அவர் தங்கியிருந்த வீடு கூப்பிடு தொலைவில் இருந்தது. பிள்ளைகளுடன் புறப்பட்டார். வழி தவறியது. இரவு முழுவதும் அவர்களை அணைத்தபடி வெட்டவெளியில் கிடந்தார். ஒருவர் பின் ஒருவராக மூவரும் இறந்தனர். விடியலில் அவர் தவழ்ந்து வீட்டை அடைந்தார். அவருடைய பாதங்களைப் பின்னர் அகற்ற வேண்டியதாயிற்று.

மூன்றாமவர் எட்டா ஷாட்டக். வயது பத்தொன்பது. ஹோல்ட் மாவட்டத்தில் தனியாக வழி தவறியவர், ஒரு வைக்கோற்போரில் கையால் பொந்து தோண்டிப் புகுந்தார். வியாழன் முதல் ஞாயிறு வரை எழுபத்தெட்டு மணி நேரம் அங்கேயே கிடந்தார். கால்கள் உறைந்தன. பக்திப் பாடல்களைப் பாடிக்கொண்டும் வேண்டிக்கொண்டும் இருந்ததாக மீட்கப்பட்டபின் சொன்னார். கால்களை இழந்த பின்னும் பிழைக்கவில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் இறந்தார்.

ஓமஹாவின் பத்திரிகை இம்மூவரையும் வீராங்கனைகள் என்று கொண்டாடி நிதி திரட்டியது. இருந்தும் மக்கள் நினைவு மூவரையும் ஒன்றுபோல் வைத்துக்கொள்ளவில்லை. ஃப்ரீமனைப் பற்றி அதே ஆண்டில் பாட்டு அச்சாயிற்று. பதின்மூவர் காக்கப்பட்டனர் என்பது அதன் தலைப்பிலேயே உண்டு. பிள்ளைகள் பதினாறு பேர் என்று சொல்வோரும் உளர். அவர் ஒரு கயிற்றால் பிள்ளைகளை வரிசையாகக் கட்டி அழைத்துச் சென்றார் என்பதே கதையின் உயிர்நாடி. அந்தக் கயிறு ஒரு சிறுவனிடமிருந்து பறித்து வைத்தது என்ற கிளைக்கதையும் உண்டு. கயிறே கட்டப்படவில்லை என்ற கூற்றும் பின்னாளில் எழுந்தது. ஆனால் காட்சி வென்றுவிட்டது. 1960களில் நெப்ராஸ்கா சட்டமன்ற மாளிகையில் ஜீன் ரெய்னால் என்னும் கலைஞர் அமைத்த கண்ணாடித் துண்டு ஓவியத்தில், கயிற்றால் கோக்கப்பட்ட பிள்ளைகள் இன்றும் நடந்துகொண்டிருக்கின்றனர்.

ஃப்ரீமனும் ராய்ஸும் எடுத்த முடிவு ஒன்றே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கூரை போனதால் ஒருவர் வெளியேறினார். நெருப்பு அணைந்ததால் மற்றவர் வெளியேறினார். இருவரும் பிள்ளைகளைத் தம்மோடு வைத்துக்கொண்டனர். இருவரும் அருகிலிருந்த வீட்டையே நோக்கினர். ஒருவருக்கு வழி கிடைத்தது. நினைவுக்கு ஒரு காரணம் தேவை. ஒருவர் பிழைத்ததற்கும் மற்றவரின் பிள்ளைகள் மாண்டதற்கும் வெறும் காற்றின் போக்குதான் காரணம் என்று ஏற்க மனம் ஒப்புவதில்லை. கயிறு அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது. கயிறு இருந்தால் நம் பிள்ளையும் பிழைத்திருக்கும் என்றோ, நமக்கும் இனி ஒரு கயிறு இருக்கிறது என்றோ எண்ணிக்கொள்ள அது இடம் தருகிறது. அந்தக் கயிறு உண்மையில் இருந்திருக்கலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது ஏன் இத்தனை உறுதியாகப் பற்றிக்கொள்ளப்பட்டது என்பதற்கான விடை இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

எட்டா ஷாட்டக்கின் நினைவு வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கு ஐம்பதாண்டு முதுமை இல்லை. மருத்துவப் படுக்கையிலிருந்து சொன்னதைப் பத்திரிகைகள் அப்போதே அச்சிட்டன. அதை அவர் திருத்திச் சொல்லவும் பேரப்பிள்ளைகளுக்குச் சுருக்கிச் சொல்லவும் காலம் வாய்க்கவில்லை.

*

இவ்வளவு பேசப்பட்ட மூவரைவிடப் பேசப்படாத பலரே அந்த நாளின் பெரும்பகுதி. பள்ளியை விட்டு வெளியேறாமலேயே பல ஆசிரியைகள் இரவைக் கழித்தனர். நிலக்கரி தீர்ந்தபின் பெஞ்சுகளை உடைத்து எரித்தனர். பிள்ளைகளை அடுப்பைச் சுற்றி நடக்கவைத்தனர், உறங்கவிடாமல் பாடவைத்தனர், மதிய உணவில் மிஞ்சியதைப் பங்கிட்டனர். காலையில் தந்தையர் வந்து பிள்ளைகளைக் கூட்டிச் சென்றனர். இதற்குமேல் அவர்களிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. சங்கத்தார் எழுதியவற்றில் இத்தகைய நினைவுகள் சில பத்திகளில் முடிந்துவிடுகின்றன. சில, கதையாகச் சொல்லத் தகுதியில்லாததைச் சொல்கிறோமோ என்ற கூச்சத்தோடு முடிகின்றன. மெருகேற அவற்றுக்கு வாய்ப்பே இல்லை. நம் கருத்தில், வரலாற்றுக்கு மிகவும் பயன்படுபவை இவையே. எரிபொருள் எவ்வளவு இருந்தது, சன்னல் எந்தத் திசையில் இருந்தது, எந்த உடை அணிந்திருந்தனர் என்பனவற்றை இவைதாம் நமக்குச் சொல்கின்றன.

இந்த நினைவுகளில் ஒருபோதும் இடம்பெற இயலாதவர்களும் உண்டு. இறந்தோர் 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். உறைந்த கைகால்களின் புண்ணால் வாரங்கள் கழித்து மடிந்தவர்களையும் கணக்கிட்டால் அது இன்னும் கூடும். டகோட்டாவில், ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த மெனோனைட் சமயக் குடும்பங்களின் ஐந்து சிறுவர்கள் பள்ளியிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டனர். மூன்று நாள் கழித்து ஒரு வயலில் அவர்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. இரவு முழுவதும் திறந்தவெளியில் பிழைத்துக் கிடந்த சிலர், மறுநாள் தெளிந்த வானைக் கண்டு எழுந்து நின்று, சில அடி நடந்ததும் விழுந்து இறந்தனர். குளிர்ந்த குருதி அசைவினால் திடீரென இதயத்தை அடைவதால் அது நின்றுவிடுகிறது என்று இதற்கு விளக்கம் தருவர். இவர்களின் அனுபவத்தை யாரும் எந்தச் சங்கத்துக்கும் எழுதி அனுப்ப முடியாது. பனிப்புயலின் நினைவுகள் யாவும் வழி கண்டவர்களின் நினைவுகளே.

*

சங்கம் கூடிய அதே 1940இல், அதே சமவெளியின் இன்னொரு குளிர்காலம் நூலாக வந்தது. லாரா இங்கால்ஸ் வைல்டரின் 'நீண்ட குளிர்காலம்' 1880-81இல் டகோட்டாவின் டி ஸ்மெட் ஊர் பட்ட பாட்டைச் சொல்வது. அக்டோபரிலேயே முதற்புயல், ஜனவரிக்குப் பின் மே மாதம்வரை இரயில் வரவில்லை, காப்பி அரைக்கும் கருவியில் கோதுமையை அரைத்து மக்கள் உயிர்வாழ்ந்தனர். நூல் வந்தபோது ஆசிரியைக்கு வயது 73. தனித்து நின்று போராடும் ஒரு குடும்பத்தையே நாம் அதில் காண்கிறோம். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஓர் இளந்தம்பதியும் அவர்களின் கைக்குழந்தையும் அதே வீட்டில் தங்கியிருந்தனர். அவர் முன்னதாக எழுதி, 2014இல்தான் அச்சேறிய தன்வரலாற்றில் அவர்கள் இருக்கின்றனர், புதினத்தில் இல்லை. அவர் மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டார். புதினத்துக்கு அந்த உரிமை உண்டு. வரலாறாகப் படிப்பவர்தாம் கவனமாக இருக்க வேண்டும்.

1888 மார்ச்சில், நியூயார்க் நகரமும் ஒரு பெரும் பனிப்புயலில் சிக்கியது. கிழக்குக் கடற்கரையில் நானூறு பேருக்கு மேல் மாண்டனர். அங்கும் பிழைத்தவர்கள் பின்னாளில் சங்கம் வைத்து ஆண்டுதோறும் கூடினர். ஆனால் நகரத்தின் நினைவுக்கு வேறு துணைகள் இருந்தன. புகைப்படங்கள் எடுக்கப்பட்டன, நாளேடுகள் எழுதின, அறுந்து தொங்கிய தந்திக் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கும் வேலை விரைந்தது, தரைக்கடி இரயிலுக்கான வாதம் வலுப்பெற்று 1904இல் அது ஓடத் தொடங்கியது. நகரம் தன் புயலைக் கட்டடமாகவும் சட்டமாகவும் நினைவில் வைத்தது. சமவெளிக்கு அந்த வசதி இல்லை. மண்வீடுகள் சில ஆண்டுகளில் கரைந்து மீண்டும் மண்ணாயின. குடும்பங்கள் பல நிலத்தை விட்டுச் சென்றன. எஞ்சியது முதியவர்களின் வாய்மொழி மட்டுமே.

அந்தச் சமவெளியிலேயே, குடியேறிகளுக்கு முன்பிருந்து வாழ்ந்த லகோட்டா மக்களிடம் குளிர்காலத்தை நினைவில் வைக்க ஒரு முறை இருந்தது. பனி விழுவது முதல் மறுபனி விழுவதுவரை அவர்களுக்கு ஓராண்டு. ஆண்டையும் குளிர்காலத்தையும் ஒரே சொல்லால் குறித்தனர். ஒவ்வோர் ஆண்டுக்கும் முதியோர் கூடி ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பர். அதனைத் தோலின்மேல் ஒரு சிறு ஓவியமாகக் குறித்து வைப்பவர் ஒருவர் இருப்பார். அவரே அதை விரித்துச் சொல்லவும் கடமைப்பட்டவர். நினைவைத் தனிமனிதரின் முதுமைக்கு விட்டுவிடாமல், ஆண்டுதோறும் கூடி முடிவுசெய்யும் பொதுவினையாக வைத்திருந்தனர். 160 ஏக்கர் நிலத்தை விளம்பரம் செய்த தாள்களில் அந்த நிலத்தின் குளிர்காலங்களைப் பற்றிய இந்த அறிவுக்கு இடம் இருக்கவில்லை.

ஓகாராவின் தொகுப்பு இல்லையென்றால் பின்வந்தோரின் படைப்புகள் எளிதில் பிறந்திருக்க முடியாது. கவிஞர் டெட் கூசர் 1986இல் அந்நினைவுகளைத் தனிக்குரல்களாக்கிக் கவிதைநூல் செய்தார். டேவிட் லாஸ்கின் 2004இல், வானிலைப் பதிவுகளையும் குடும்பங்களின் நினைவுகளையும் இணைத்து அந்தப் புயலின் வரலாற்றை எழுதினார். கருவி சொன்னதையும் மனிதர் சொன்னதையும் அருகருகே வைத்தபோதுதான், காலையில் மேலங்கியின்றிப் புறப்பட்ட ஒரு சிறுவன் மீது குற்றமில்லை என்பதும், அவனை அனுப்பிய தாய் மீதும் குற்றமில்லை என்பதும் புலனாகின்றன. லூயிஸ் ராய்ஸுக்கும் அந்தத் தீர்ப்பு உரியது. மூன்று பிள்ளைகளையும் கைவிடாமல் விடியும்வரை அணைத்துக் கிடந்த அவருக்காக மாளிகைச் சுவரில் ஓவியம் இல்லை. அடுத்த முறை கயிற்றின் கதையை யாரேனும் சொல்லக் கேட்டால், அணைந்துபோன ஓர் அடுப்பின் கதையையும் நாம் சேர்த்துச் சொல்வோம்.